நாளை மாலை நாடகத்துக்கு வந்துவிடுங்கள்

அனைவருக்கும் வணக்கம். நம் பள்ளிப் பிள்ளைகள் தமிழில் நடிக்கும் ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தை நேற்று பார்த்தேன். 1602 பிப்ரவரி 2 அன்று லண்டன் மிடில் டெம்பிள் மண்டபத்தில் நடிக்கப்பட்ட பழைய நாடகம். நேற்றும் அரங்கமே சிரித்துக் குலுங்கியது. அந்தக் காலத்தில் பெண் வேடங்களையும் சிறுவர்களே ஏற்றார்கள். இங்கே கதாநாயகி வயோலாவாக வருபவர் பதினொன்றாம் வகுப்பு மாணவி. கதையில் வயோலா ஆண் வேடத்தில் ஒரு பிரபுவுக்காகக் காதல் தூது போகிறாள். அவரைத் தானே விரும்புவதைச் சொல்ல முடியாமல் தவிக்கிறாள். அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டு நிர்வாகி மால்வோலியோ மஞ்சள் காலுறை மாட்டிக்கொண்டு வரும் காட்சியைத் தவறவிடாதீர்கள்!

நாளை மாலை 6 மணிக்குக் கடைசிக் காட்சி, டிக்கெட் தேவையில்லை. பின்வரிசையில் வசனம் சரியாகக் கேட்கவில்லை. சீக்கிரம் வந்து முன்னால் உட்காருங்கள். கைபேசியை அணைத்துவிடுங்கள்.