உங்கள் கேட்டுக்கு வெளியே நிற்கும் லாரி

கடலூர் சிப்காட்டிலும், புதுவை சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளிலும் ஆலை நடத்தும் முதலாளிகளுக்கும், அங்கே ஸ்டோர், டெஸ்பேட்ச் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

கடலூரில் 26 வருஷமாக லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துகிறேன். சொந்தமாக மூன்று வண்டி இருக்கிறது. உங்களில் பலர் என்னைப் போனில் அறிவீர்கள். "வண்டி எங்கே வருது?" என்று நீங்கள் கேட்டு, நான் டிரைவரிடம் கேட்டு, திரும்ப உங்களிடம் சொல்வதுதான் என் பிழைப்பில் பாதி. இந்த மடலில் நான் கேட்கப்போவது வேறு: வந்து சேர்ந்த பிறகு அந்த வண்டி எங்கே நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?

போன மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஈரோட்டில் அட்டைப்பெட்டி லோடு ஏற்றினோம். இறக்க வேண்டிய இடம் புதுவைப் பக்கம் ஒரு ஆலை. பெயர் வேண்டாம். சனிக்கிழமை காலை 8 மணிக்கெல்லாம் எங்கள் டிரைவர் கேட்டில் நின்றுவிட்டார். "ஸ்டோர்ல ஆள் இல்ல, ஓரமா போடு" என்றார்கள். மதியம் லோடுமேன்கள் போய்விட்டார்கள் என்றார்கள். அப்புறம் ஞாயிறு விடுமுறை. திங்கள் காலை எடை மேடையில் வரிசை. வண்டி காலியானபோது திங்கள் மாலை மணி 4.

56 மணி நேரம். அந்த மனுஷனுக்கு 52 வயசு, சர்க்கரை வேறு. கிளீனர் வைத்து ஓட்டும் காலம் போய்விட்டது, வண்டியில் அவர் ஒருத்தர்தான். லோடை விட்டுவிட்டுச் சாப்பிடக்கூடத் தள்ளிப் போக முடியாது. உள்ளே இருக்கிற கழிப்பறைக்கு டிரைவர்களை விடவில்லை. மே மாத வெயிலில் கேபின் என்ன சூடு இருக்கும் என்பதை, முடிந்தால் ஒரு மதியம் ஏறி உட்கார்ந்து பாருங்கள். ராத்திரி கண்ணாடியை ஏற்றினால் வேர்வை, இறக்கினால் கொசு.

இன்னொரு பக்கம், ஈரோட்டிலிருந்து வந்த இ-வே பில், அதாவது சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. சீட்டு. அது 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லும் என்று கணக்கு. எங்கள் தூரத்துக்கு இரண்டு நாள், அது ஞாயிறு நள்ளிரவோடு முடிகிறது. காலாவதியாவதற்கு 8 மணி நேரம் முன்போ பின்போ நீட்டித்தால்தான் உண்டு. தவறினால், வழியில் பிடித்தவர்கள் வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் போடலாம். ஞாயிறு ராத்திரி 11 மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நீட்டித்தேன். சரக்கு உங்களுடையது, உங்கள் மதில் சுவரை ஒட்டித்தான் நிற்கிறது, ஆனாலும் காகிதப்படி அது இன்னும் பயணத்தில்தான் இருக்கிறது.

பெரிய விஷயம் இதற்குப் பிறகுதான். திங்கட்கிழமை பண்ருட்டியில் பலாப்பழ லோடு பேசி வைத்திருந்தோம், கோயம்பேட்டுக்கு. பலாவை நாளைக்கு ஏற்றிக்கொள்ளலாம் என்று சொல்ல முடியாது. காலை ஏற்ற வேண்டியதை ராத்திரி ஏற்றி, விடியலுக்குள் மார்க்கெட்டில் போட்டாக வேண்டும் என்று 11 மணிக்குக் கிளப்பினோம். நான்தான் கிளப்பினேன். மூன்று ராத்திரி சரியாகத் தூங்காதவரை, "முடியுமாண்ணே?" என்று கேட்டேன். "போயிடலாம் தம்பி" என்றார். ஒலக்கூர் தாண்டி, மணி 3 இருக்கும், கண் அசந்துவிட்டார். வண்டி சென்டர் மீடியனில் ஏறியது. நான் போய்ச் சேர்ந்தபோது விடிந்துகொண்டிருந்தது. பழமெல்லாம் ரோட்டில் வெடித்துக் கிடந்தது, அந்த இடம் முழுக்கப் பலா வாசனை. அவரை அதற்குள் ஆம்புலன்ஸில் ஏற்றியிருந்தார்கள். கணுக்கால் முறிவு. எதிரே ஒரு பஸ் வந்திருந்தால் என்னாகியிருக்கும் என்பதை நினைத்துப் பல நாள் தூக்கம் போயிற்று.

போலீஸ் தாளில் 'டிரைவர் தூக்கக் கலக்கம்' என்று இருக்கிறது. அந்தக் கலக்கம் எங்கே தொடங்கியது என்று எழுத அதில் இடமில்லை. அமெரிக்காவில் போக்குவரத்துத் துறையின் தணிக்கை அலுவலகம் 2018-இல் இதைக் கணக்குப் பார்த்தது. ஏற்றும் இடத்திலும் இறக்கும் இடத்திலும் லாரி தங்கும் நேரம் சராசரியாக 15 நிமிடம் கூடினாலே விபத்து விகிதம் 6.2 சதவீதம் கூடும் என்று சொன்னது. 15 நிமிடத்துக்கே அப்படி. ஜப்பானில் 2024 ஏப்ரலிலிருந்து டிரைவரின் ஓவர்டைமுக்கு வருஷத்துக்கு 960 மணி நேரம்தான் உச்சவரம்பு. அதற்கு முன்னாலேயே, காத்திருப்பும் ஏற்றி இறக்குவதும் சேர்ந்து 2 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும் என்று அந்த அரசு சரக்குக்காரர்களுக்கு வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. நம் நாட்டிலும் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே நாளுக்கு 8 மணி நேரம் என்று எழுதிவைத்தது. ஆனால் கேட்டில் நிற்கிற நேரத்தை யாருமே வேலை நேரமாக எண்ணுவதில்லை.

உங்கள் சங்கடங்களும் எனக்குத் தெரியும். கெமிக்கல் டேங்கர் என்றால் சாம்பிள் எடுத்து லேப் ரிசல்ட் வராமல் இறக்க முடியாது. அதில் நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பக்கமும் தப்பு உண்டு: 9 மணி என்று சொன்ன வண்டி 2 மணிக்கு வந்து நின்று, உங்கள் லோடுமேன்களின் சாப்பாட்டு நேரத்தைக் கெடுத்திருக்கிறது. ஆனால் நான் பார்த்த தாமதங்களில் பெரும்பாலானவை இந்த வகை இல்லை. உங்கள் குடோனில் இடம் இல்லை, அதனால் லாரி நிற்கிறது. மாதம் 20 தேதி வரை பேட்டை காலியாகக் கிடக்கும். கடைசி மூன்று நாளில் விற்பனைக் கணக்கை முடிக்க அத்தனை பில்லும் ஒன்றாக விழும், அத்தனை வண்டியும் ஒன்றாக நிற்கும். இடத்துக்கு வாடகை கொடுக்காமல் சரக்கை வைத்துக்கொள்ள வழி கிடைத்திருக்கிறது. அந்த வாடகையை வண்டிக்காரன் தவணையிலும், டிரைவர் உடம்பிலும் கட்டுகிறோம்.

2024 டிசம்பர் முதல் வாரம் உங்களுக்கு மறந்திருக்காது. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி கரையைக் கடந்து, சாத்தனூர் அணை திறந்து, தென்பெண்ணை பொங்கியது. அரசூரில் திருச்சி சாலையில் தண்ணீர் ஓடியது. விக்கிரவாண்டிப் பாலத்தில் ரயில் நின்றது. ஒவ்வொரு ஆலையிலிருந்தும் ராத்திரி ஒரு மணிக்குக்கூடப் போன் வந்தது: "மூலப்பொருள் இல்லாம லைன் நிக்குது, எப்படியாவது கொண்டு வாங்க." கொண்டு வந்தோம். திருவண்ணாமலை சுற்றி வந்த வண்டியெல்லாம் உண்டு. அந்த வாரம் மட்டும் எந்தக் கேட்டிலும் ஒரு லாரியும் காத்திருக்கவில்லை. வந்தவுடன் இறக்கினீர்கள், டீ கொடுத்தீர்கள். ஆள் இருந்தது, இடம் இருந்தது. அப்போது முடிந்தது ஜனவரியில் ஏன் முடியாமல் போனது என்று உங்கள் ஆட்களைக் கூப்பிட்டு ஒருமுறை கேளுங்கள்.

நான் கேட்பதில் பெரிய செலவு கிடையாது. முதலாவது, கேட்டில் வண்டி வந்த நேரத்தையும் வெளியே போன நேரத்தையும் ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். இப்போது உள்ளே நுழையும் நேரத்தைத்தான் செக்யூரிட்டி எழுதுகிறார். வெளியே கிடந்த இரண்டு நாள் எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை. அதனால் ஹால்டிங் காசு, அதாவது வண்டியைக் காக்கவைத்ததற்கான காசு, கேட்டால் "எங்க ரெக்கார்டுல வண்டி நாலு மணி நேரம்தான் இருந்திருக்கு" என்று உங்கள் அக்கவுண்ட்ஸில் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ரெக்கார்டே அப்படித்தான் இருக்கிறது. நேரம் தாளில் ஏறிவிட்டால், எத்தனை மணி நேரத்துக்கு மேல் ஹால்டிங் என்பதை உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

அப்புறம், சனிக்கிழமை இறக்க முடியாது என்றால் வெள்ளிக்கிழமை மதியமே ஒரு போன் போடுங்கள். ஏற்றுகிற இடத்திலேயே நிறுத்திவிடுவேன், டிரைவர் வீட்டில் தூங்குவார். கேட்டுக்கு உள்ளேயோ பக்கத்திலோ ஒரு கழிப்பறையும் குடிதண்ணீர்க் குழாயும் திறந்துவிடுங்கள்.

எங்கள் டிரைவருக்குக் கால் கூடிவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை மறுபடி வண்டி ஏறுகிறார். வேண்டாம், கொஞ்ச நாள் போகட்டும் என்றேன், கேட்கவில்லை. முதல் லோடு சேதராப்பட்டுக்குத்தான். சனிக்கிழமை காலை 9 மணிக்குக் கேட்டில் இருப்பார். வந்த நேரத்தை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கடலூரிலிருந்து ஒரு லாரி புக்கிங் ஆபீஸ்காரர்