பத்து சதவீதம் சட்டத்தில் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

எதிர்க்கட்சித் தலைவரின் பொறுப்புகள் பற்றி நேற்று வெளியான கட்டுரையில், மக்களவையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 55 உறுப்பினர்கள் இருந்தால்தான் சட்டப்படி அந்தப் பதவி கிடைக்கும் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் மட்டுமல்ல, பலரும் இப்படித்தான் எழுதுகிறார்கள்.

அந்தப் பதவிக்கு இலக்கணம் சொல்வது 1977-ஆம் ஆண்டு ஊதியச் சட்டம். எதிர்வரிசையில் அதிக உறுப்பினர்களைக் கொண்ட கட்சியின் தலைவராக இருக்க வேண்டும், சபாநாயகர் அவரை அங்கீகரிக்க வேண்டும். அவ்வளவுதான். பத்து சதவீதம் என்பது முதல் சபாநாயகர் மாவ்லங்கர் காலத்திலிருந்து வரும் வழக்கம். 55 என்ற எண் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றில் உண்டு; ஆனால் அது கட்சித் தலைவர்களுக்கும் கொறடாக்களுக்கும் தரும் வசதிகளைப் பற்றியது.

எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2014-இல் 44, 2019-இல் 52 இடங்கள் பெற்ற காங்கிரசுக்கு அங்கீகாரம் கிடைக்காமல் பத்தாண்டுகள் அந்த நாற்காலி காலியாகக் கிடந்தது. உயர் பதவியில் இருப்பவர்கள் மீதான ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக்பாலைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் பிரதமர், சபாநாயகர், தலைமை நீதிபதி, சட்ட வல்லுநர் ஒருவர் ஆகியோரோடு எதிர்க்கட்சித் தலைவரும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அவர்தான் இல்லையே என்று நியமனம் தள்ளிப்போனது. சட்டத்திருத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்று 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும், முதல் லோக்பால் பதவியேற்றது 2019 மார்ச்சில்தான். இடையில், மக்களவையில் காங்கிரஸ் குழுவின் தலைவராக இருந்த மல்லிகார்ஜுன கார்கேயைத் தேர்வுக்குழுக் கூட்டத்துக்குச் 'சிறப்பு அழைப்பாளர்' என்று கூப்பிட்டார்கள். பந்தியில் உட்காரலாம், இலை மட்டும் போட மாட்டோம் என்பதுபோல! அவர் போகவில்லை. நானாக இருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

இத்தனைக்கும் மருந்து கையிலேயே இருந்தது. அங்கீகரிக்கப்பட்ட எதிர்க்கட்சித் தலைவர் இல்லாவிட்டால் தனிப்பெரும் எதிர்க்கட்சிக் குழுவின் தலைவரே அவராகக் கருதப்படுவார் என்று 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலேயே ஒரு வரி இருக்கிறது. சிபிஐ இயக்குநர் தேர்வுக்காக 2014-இல் அதே ஏற்பாட்டை மளமளவென்று சேர்த்தார்கள். லோக்பாலுக்கும் ஒரு மசோதா வந்தது; முதல் நியமனம் முடியும்வரை அது நிறைவேறவேயில்லை.

2024-இல் காங்கிரஸ் 99 இடங்கள் பெற்று ராகுல் காந்தி அந்தப் பதவிக்கு வந்துவிட்டதால் இந்தப் பேச்சு அடங்கிவிட்டது. அடுத்த தேர்தலில் 54-இல் நிற்கப்போவது இன்றைய ஆளுங்கட்சியாகவும் இருக்கலாம். கட்டுரைக்கு ஒரு சிறு திருத்தம் வெளியிட்டால் நன்றியுடையவனாவேன்.

ஓய்வுபெற்ற அரசு ஊழியர்,
கும்பகோணம்