கனடாவின் ஸ்கார்பரோவில் இருக்கும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

வளர்த்த நான்கு கஞ்சாச் செடிகளையும் வெட்டிவிட்டாய் என்று அறிந்தேன். பூக்களைத் தண்ணீரில் ஊறவைப்பதா, காற்றில் உலர்த்துவதா என்று உனக்கும் தங்கச்சிக்கும் நடக்கும் வாதத்தையும் படித்தேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காற்றில் உலர்த்து. சமையலுக்கென்று ஒதுக்கும் கொஞ்சத்தை மட்டும் வேண்டுமானால் தண்ணீரில் போடு.

கஞ்சாவை நான் பதப்படுத்தியதில்லை. ஆனால் ராசப்பா செட்டித் தெரு நாட்டு மருந்துக் கடையில் சருகுகளோடு வாழ்ந்தவன் என்று உனக்குத் தெரியும். செடி எதுவானாலும் உலரும் விதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. துளசியை மொட்டை மாடி வெயிலில் கொட்டினால் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். கையில் எடுத்துக் கசக்கினால் வைக்கோல் வாடைதான் வரும். அதே துளசியைக் காற்றோட்டமான அறையில், நிழலில், மெல்லிசாகப் பரப்பி அன்றாடம் புரட்டிவிட்டால் நிறமும் நிற்கும், மணமும் நிற்கும். அந்தச் சருகு விரலில் நொறுங்கும்போது எழுகிற வாசனைக்காகவே வாடிக்கையாளர்கள் எங்கள் கடைக்குத் திரும்பி வந்தார்கள்.

காரணம் இதுதான். வெட்டிய உடனே செடி செத்துவிடுவதில்லை. ஈரம் இருக்கும் வரை உள்ளே நொதிகள் வேலை செய்துகொண்டிருக்கும். மாவுச்சத்தும் சர்க்கரையும் பச்சையமும் மெல்லச் சிதையும். அவசரமாக உலர்த்தினால் அந்த வேலை பாதியில் நின்றுபோகும். தொண்டையைப் பிடிக்கிற பச்சை வாடை அதனால்தான் தங்கிவிடுகிறது. மணத்தைத் தருகிற டெர்பீன்கள் சுலபமாக ஆவியாகிறவை. சூடும் வெளிச்சமும் அவற்றுக்குப் பகை. போதையைத் தருகிற டி.எச்.சி.யும் வெளிச்சத்திலும் காற்றிலும் நாள்பட நாள்படச் சிதையும். அதனால் இருட்டு அறை, 15 முதல் 21 டிகிரி வரை வெப்பம், 50 முதல் 60 சதவீதம் ஈரப்பதம்: இதைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இங்கே ஐப்பசி மழை. காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தொட்டு நிற்கிறது; கல் உப்பு கசிகிறது. உனக்கு நேர் எதிரான தொல்லை. வீட்டுக்குள் ஹீட்டர் ஓடத் தொடங்கினால் காற்று வறண்டு, பூக்கள் இரண்டு மூன்று நாளில் மேலே மொறுமொறுப்பாகவும் உள்ளே ஈரமாகவும் நிற்கும். ஆகவே பூக்களைத் தனித்தனியாக நறுக்கிப் போடாதே. கிளையோடு, முடிந்தால் செடியோடு, தலைகீழாகத் தொங்கவிடு. பெரிய இலைகளை மட்டும் எடுத்துவிட்டு, பூவை ஒட்டிய சின்ன இலைகளை அப்படியே விடு. அவை போர்வை மாதிரி மூடி உலர்வதைத் தாமதப்படுத்தும். மின்விசிறியின் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வை. பத்து நாள் முன்னே பின்னே ஆகலாம், நாள்களை எண்ணாதே. சின்னக் காம்பை வளைத்துப் பார். வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம். சடக்கென்று முறிந்தால் இறக்கலாம்.

அதன் பிறகுதான் கண்ணாடி ஜாடி. முக்கால் பாகம் நிரப்பி மூடு. உள்ளே மிஞ்சியிருக்கும் ஈரம் ஓரிரு நாளில் வெளியே வந்து பூ மறுபடியும் மெத்தென்று ஆகும், பயப்படாதே. முதல் இரண்டு வாரம் தினமும் சில நிமிடம் திறந்து வை. ஜாடிக்குள் வைக்கிற சின்ன ஈரப்பதமானி கடைகளில் கிடைக்கும். அதில் 58க்கும் 62க்கும் இடையே நின்றால் சரி. 65ஐத் தாண்டினால் வெளியே எடுத்து மறுபடியும் பரப்பு. திறக்கும்போது அம்மோனியா நெடி அடித்தால் உள்ளே பாக்டீரியா வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஒரு மாதம் பொறுத்தால் மணம் முழுதாகத் திரண்டு வரும்.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். ஒரு ஜாடியில் சோதனைக்குப் போட்டிருப்பதாகப் படம் அனுப்பியிருக்கிறாய். தண்ணீர் இளந்தேநீர் நிறத்தில் இருக்கிறது. பச்சையம் இறங்குகிறது என்று உன் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாராம். அது சரியில்லை. பச்சையம் நீரில் கரையாது. கரைந்து வருவது சர்க்கரை, உரத்தின் உப்புகள், வேறு சில நிறமிகள். டி.எச்.சி.யும் நீரில் கரையாது. பூவின் மேல் பனித்துளி போல நிற்கிற பிசின் சுரப்பிகளில் அது பத்திரமாக இருக்கும், நீ ஜாடியைக் குலுக்காதவரை. குலுக்கினால் அந்தச் சுரப்பிகள் உதிர்ந்து, தண்ணீர் மாற்றும்போது கழுநீரோடு போய்விடும்.

ஊறவைத்தால் வீரியம் கூடும் என்ற பேச்சையும் நம்பாதே. கரைகிறதெல்லாம் கரைந்து வெளியேறுவதால் பூவின் எடை குறைகிறது. எடை குறைந்ததால் ஒரு கிராமில் இருக்கிற டி.எச்.சி. கூடுதலாகத் தெரிகிறது. மொத்தத்தில் ஒரு துளியும் கூடவில்லை. மணமும் சுவையும் பெரும்பாலும் போய்விடுகின்றன. ஆறு மாதம் தண்ணீர் ஊற்றி, பூச்சி பார்த்து வளர்த்தவனுக்கு அது சின்ன இழப்பா?

ஆனால் தங்கச்சி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஊறவைத்த பூவை நெய்யில் காய்ச்சும்போது வீடெல்லாம் நெடி அடிக்காது, கசப்பும் குறையும். அதற்கு மட்டும் தண்ணீர் நல்ல வழி. பூக்கள் மிதக்கும், மேலே ஒரு தட்டை வைத்து அமுக்கு. தினமும் பழைய தண்ணீரை மெல்ல வடித்துவிட்டுப் புதிதாக ஊற்று. ஒரு வாரம் போதும். எடுத்த பிறகு சுணங்காதே. ஊறிய பூ சீக்கிரம் அழுகும். நல்ல காற்றோட்டத்தில் இரண்டு மூன்று நாளில் உலர்ந்தாக வேண்டும். பிறகு காய்ச்சுவதற்கு முன் அடுப்புச் சூட்டில் வாட்டுவதை விட்டுவிடாதீர்கள். பச்சைப் பூவில் இருப்பது அமில வடிவம். சூடு பட்டால்தான் அது டி.எச்.சி.யாக மாறும். தண்ணீர் அந்த வேலையைச் செய்யாது.

நம் பக்கத்தில் இதற்கு ஒரு பழைய உறவு உண்டு. ஆயுர்வேதத்தில் பங்கி என்கிற கஞ்சா இலையைச் சுத்தி செய்யும்போது, அலசும் தண்ணீர் தெளியும்வரை அலசி, உலர்த்தி, நெய்யில் வறுப்பார்கள். அது உள்ளுக்குச் சாப்பிடுகிற மருந்துக்காக. புகைப்பதற்கான பூவுக்கு வழி வேறாக இருந்திருக்கிறது. 1893இல் ஆங்கில அரசு அமைத்த கஞ்சா விசாரணைக் குழுவின் அறிக்கையில் வங்காளத்து விவசாயிகள் பற்றி விரிவாக இருக்கிறது. அறுத்த செடியை வாடவிட்டு, கதிர்களைக் காலால் மிதித்துத் தட்டையாக ஒரு வகை, உருட்டி உருண்டையாக ஒரு வகை. மணமும் பிசினும் வேண்டும் என்கிற இடத்தில் காற்று, உணவோடு சேர்கிற இடத்தில் தண்ணீர் என்று அந்தக் காலத்தவர்களே பிரித்து வைத்திருக்கிறார்கள். என் யோசனையும் அதுதான்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மூன்றாவது படத்தில், நடுப் பூவின் காம்போரம் சாம்பல் நிறத்தில் ஏதோ தெரிகிறது. பூஞ்சையாக இருந்தால் கழுவிச் சரிசெய்யலாம் என்று நினைக்காதே. அந்தக் கிளையை அப்படியே குப்பையில் போடு. பூஞ்சை நச்சு தண்ணீரில் போகாது, சூட்டிலும் முழுதாகப் போகாது. நுரையீரலுக்குள் போனால் நம் வயதில் தாங்காது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாயே, அதோடு இது சேர்ந்தால் ரத்தப்போக்கு அபாயம் கூடலாம். மருத்துவரிடம் மறைக்காமல் சொல். நெய்யாகச் சாப்பிட்டால் வேலை செய்ய இரண்டு மணி நேரம்கூட ஆகும். ஒன்றும் தெரியவில்லையே என்று இன்னொரு கரண்டி போட்டுவிடாதே. பேரப்பிள்ளைகள் இருக்கும் வீடு. ஜாடிகளைப் பூட்டி வை.

தை மாதம் பேத்தி கல்யாணத்துக்கு வருகிறாய் அல்லவா? பெட்டியில் ஒரு இலைகூட இருக்கக் கூடாது. 2018 அக்டோபரிலிருந்து கனடாவில் அது சட்டப்படி சரி. ஆனால் எல்லை தாண்டி எடுத்துச் செல்வது அங்கேயே குற்றம். இங்கே 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி சின்ன அளவுக்கே ஓராண்டு வரை சிறை. செடி வளர்த்தால் பத்தாண்டு வரை. நம் தெருவிலேயே எத்தனை பையன்கள் இதில் மாட்டிக்கொண்டு படிப்பையும் வேலையையும் தொலைத்துவிட்டு நிற்கிறார்கள் என்று எழுதினால் உன் மனம் தாங்காது. அவர்களுடைய அம்மாக்கள் நீதிமன்றத்துக்கு நடையாய் நடக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளை நினைக்கும்போதெல்லாம், உன் முழங்கால் வலிக்கும் தூக்கத்துக்கும் நீ நிம்மதியாக வீட்டிலேயே ஒரு செடி வைத்துக்கொள்ள முடிகிறதே என்று சந்தோஷமாகவும் இருக்கிறது, வயிறு எரியவும் செய்கிறது.

வந்தால் எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும். விமான நிலையத்திலிருந்து வண்ணாரப்பேட்டைக்கு மெட்ரோ ரயிலிலேயே வந்துவிடலாம், டாக்ஸி வேண்டாம். தங்கச்சிக்குக் காசிமேட்டு வஞ்சிரக் கருவாடு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அந்தச் சாம்பல் நிறம் என்னவென்று பார்த்து உடனே எழுது.

அன்புடன்,
உன் பழைய வண்ணாரப்பேட்டைத் தோழன்