கோடு அழியாமல் காத்த அண்ணனுக்கு

அன்புள்ள அனைவருக்கும்,

நேற்று மாலை கடைசிப் புத்தகமும் அலமாரிக்குத் திரும்பிவிட்டது. எங்கள் பிரெஞ்சுத் துறை நூலகத்துக்குள் தண்ணீர் புகுந்த அந்த இரவைப் பற்றி உங்களுக்கே தெரியும். திரும்ப எழுத மனம் வரவில்லை. தண்ணீரில் நின்று பெட்டி தூக்கிய முதுகலை மாணவர்கள், வகுப்பறை தந்த பிற துறையினர், சொந்தப் பிரதிகளைத் தபாலில் அனுப்பிவைத்த பழைய மாணவர்கள், எல்லோருக்கும் நன்றி.

இந்த மடல் முக்கியமாக நூலக உதவியாளர் அண்ணனுக்கு. பெயரைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள் நான் போனபோது, செனகல் எழுத்தாளர் மரியாமா பா 1979-இல் பிரெஞ்சில் வெளியிட்ட ‘ஊன் சி லோங் லெத்ர்’ நாவலின் எங்கள் ஒரே பிரதி அவர் முன்னால் பிரிந்து கிடந்தது. ஈரத்தாள்களுக்கு நடுவே வெற்றுத்தாள் செருகி, ஒவ்வொரு பக்கத்தையும் பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தார். ஏன் இவ்வளவு மெதுவாக என்று கேட்டேன்.

“எழுத்துக்கு மேல சின்னச் சின்னக் கோடு இருக்கே மேடம். தேய்ச்சா போயிடுமோன்னு பயமா இருக்கு. நம்ம புள்ளி மாதிரி இதுக்கும் ஏதோ அர்த்தம் இருக்கும்ல?”

அண்ணனுக்குப் பிரெஞ்சு தெரியாது. ‘ஊ’ என்று ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு சொற்கள் உண்டு: கோடு இருந்தால் ‘எங்கே’, இல்லாவிட்டால் ‘அல்லது’. அந்தக் கோடுகள் அலங்காரம் இல்லை என்று முதலாண்டு வகுப்பில் பதியவைக்க எனக்கு ஒரு பருவம் முழுக்க ஆகும். அவர் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டார்.

பக்கத்து மேசையில் மார்த்தினிக் தீவின் கவிஞர் செசேரும் ஐவரி கோஸ்ட் நாவலாசிரியர் குரூமாவும் காய்ந்துகொண்டிருந்தார்கள். பிரெஞ்சு இலக்கியம் பாரிஸோடு முடிவதில்லை, மார்த்தினிக்கிலும் ஐவரி கோஸ்டிலும் செனகலிலும் அது வேறு மூச்சு விடுகிறது என்று வாதாடி வாதாடித்தான் இவர்களைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்தோம். அத்தனையும் ஒரே இரவில் கூழாகிவிடும் என்று நினைத்திருந்தேன்.

புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று அண்ணன் கேட்டார். கணவனை இழந்த ஒரு செனகல் ஆசிரியை, துக்கம் காக்கும் நாட்களில் தன் தோழிக்கு எழுதுவது என்றேன். கையில் பஞ்சோடு அப்படியே நின்றார்.

“அப்ப இது கடுதாசி. படிக்கவேண்டியவங்க கைக்குப் போய்ச் சேரணும்ல மேடம்.”

அண்ணா, விடுமுறை முடிவதற்குள் முதல் பத்துப் பக்கத்தைத் தமிழில் எழுதிக் கொண்டுவருகிறேன். அந்த மேசையிலேயே உட்கார்ந்து உங்களுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

நன்றியுடன்,
பிரெஞ்சுத் துறை ஆசிரியை