சண்முகத்துக்கு, வெள்ளைக் குட்டி விஷயமாக

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. மாடி கட்டி முடித்தது, சின்னவளுக்கு உள்ளூரிலேயே வேலை கிடைத்தது, எல்லாம் படித்து ரொம்பச் சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம். உன் தங்கச்சிக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை, படி ஏறாதே என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து மொட்டை மாடியில் துணி காயப்போடும் உத்தியோகம் எனக்கு வந்திருக்கிறது. மில்லில் இருந்து ரிட்டயர் ஆனபின் கிடைத்த வேலை, சம்பளம்தான் இல்லை.

சரி, நாய் விஷயத்துக்கு வருகிறேன், நீயும் அதற்காகத்தானே எழுதியிருக்கிறாய். சின்னவள் பக் நாய் கேட்டாள், வேண்டாம் என்று சொல்லி ராஜபாளையம் நாய்க்குச் சம்மதிக்க வைத்தேன், ஊர்க்காரன் நீதான் பார்த்துத் தர வேண்டும், பால் மாதிரி வெள்ளையாக, மூக்கு ரோஸ் நிறத்தில், உடம்பில் ஒரு பொட்டுகூட இல்லாமல் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். முதல் பாதிக்குச் சபாஷ். இரண்டாவது பாதியில்தான் எனக்கும் உனக்கும் சண்டை.

பக் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், சின்னவளிடம் படித்துக் காட்ட உதவும். 2003-ல் ஹட்ச் செல்போன் கம்பெனி விளம்பரத்தில் ஒரு பையன் பின்னாலேயே ஓடியதே, அதைப் பார்த்த பிறகுதான் நம் பக்கத்து வீடுகளிலெல்லாம் அந்த நாய் புகுந்தது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டை இறக்க வேண்டும். பக்கில் அந்த மூச்சு வழியையே நெருக்கி வைத்திருக்கிறார்கள். மூஞ்சி தட்டையாக வேண்டும், இன்னும் தட்டையாக வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்ததில் மண்டை எலும்பு குறுகிவிட்டது, உள்ளே இருக்கும் சதை அந்த அளவுக்குக் குறுகவில்லை. மூக்குத் துவாரம் வெறும் கீறலாகிவிட்டது, மேல்வாயின் பின்பக்கத்துச் சதை நீண்டு தொங்கி மூச்சுக்குழாயின் வாயை அடைக்கிறது. அது குறட்டை விடுவதைப் பார்த்து எவ்வளவு அழகு என்று சிரிக்கிறோம், பாவம் அது காற்றுக்குப் படாதபாடு படுகிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் இதற்கென்றே ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். நாயை மூன்று நிமிடம் விரைவு நடையில் ஓடவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு, 0 முதல் 3 வரை தரம் போடுவார்கள். 2019-லிருந்து நாய் இனங்களைப் பதிவுசெய்யும் இங்கிலாந்து கென்னல் கிளப்பும் சேர்ந்து அதை நடத்துகிறது. கோயம்புத்தூர் குளுகுளு ஊர் என்று நீ சொல்வாய், ஏப்ரல் மாதம் மத்தியானம் வெளியே நின்றுகொண்டு அதைச் சொல்லிப் பார்.

ஆனால் பக் வேண்டாம் என்று சொன்ன அதே வாயால் பொட்டில்லாத வெள்ளை வேண்டும் என்கிறாயே, அதுதான் இடிக்கிறது. ராஜபாளையத்தில் செவிட்டுக் குட்டி பிறக்கும் என்பது எங்கள் ஊரில் நாய் வளர்க்கிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். வாங்க வருகிறவர்களிடம் மட்டும் அந்தப் பேச்சு எழாது.

ஏன் அப்படி என்று எனக்கும் ரொம்ப நாள் சரியாகத் தெரியாமல்தான் இருந்தது. அக்கா மகள் திருநெல்வேலியில் கால்நடை மருத்துவம் படிக்கிறாள் இல்லையா, அவள் பொங்கலுக்கு வந்தபோது விளக்கினாள். குட்டி கருவில் இருக்கும்போது நிறம் கொடுக்கும் செல்கள் முதுகுத்தண்டு ஓரத்தில் உண்டாகி அங்கிருந்து உடம்பு முழுக்கப் பரவிப் போகின்றன. வெள்ளை அதிகமான நாய்களில் அந்தச் செல்கள் குறைவு, எல்லா இடத்துக்கும் போய்ச் சேருவதில்லை. போய்ச் சேராத இடம் வெள்ளையாக நின்றுவிடும். தோலில் அப்படி நின்றால் நஷ்டம் ஒன்றும் பெரிதில்லை, வெயில் கொஞ்சம் சுடும், அவ்வளவுதான். ஆனால் உள்காதிலும் அதே செல்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. அங்கே இருக்கும் நீரில் பொட்டாசியம் அளவு குறையாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு மெல்லிய படலம் அந்தச் செல்கள் இல்லாவிட்டால் நிற்காது. பிறந்த மூன்று நான்கு வாரத்துக்குள் அந்தப் படலம் அழிந்து, அதோடு ஒலியைப் பிடிக்கும் நுண்ணிய மயிர்ச்செல்களும் செத்துவிடும். அப்புறம் எந்த மருந்தும் பலிக்காது. நம் ஆட்கள் கண் திறந்த குட்டியைத் தூக்கிப் பார்த்து, ரோஸ் மூக்கைத் தடவி, முதல் தரம் என்று விலை பேசிக்கொண்டிருக்கும் அதே நாட்களில் உள்ளே இது நடந்துகொண்டிருக்கும்.

உனக்காகவே ஒரு ஈத்து பார்க்கப் பக்கத்துக் கிராமத்துக்குப் போயிருந்தேன். தென்னந்தோப்புக்குள் வீடு, பெட்டை நல்ல உயரம், எலும்பு கனம், எனக்கும் பிடித்துப்போயிற்று. என்னைப் பார்த்ததும் அது குரைத்த குரைப்பில் தென்னை ஓலையே நடுங்கியது. குட்டிகள் எல்லாம் விழுந்தடித்துக்கொண்டு அதன் காலடிக்கு ஓடின, ஒன்று மட்டும் சாக்கின் மேல் கால் நீட்டித் தூங்கிக்கொண்டே இருந்தது. மற்றதெல்லாம் மிதித்துக்கொண்டு ஓடிய பிறகுதான் அது எழுந்து, எல்லாரும் எங்கே என்று பார்த்தது. அழகென்றால் அதுதான் அழகு, நீ எழுதியிருந்த லட்சணம் அத்தனையும் அதற்கு இருந்தது. "அது கொஞ்சம் சாந்தமான குட்டி சார், வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதைத்தான் எடுக்க வேண்டும்" என்றார் அவர். விலையும் அதற்குத்தான் ஜாஸ்தி. பின்பக்கத்தில் காதிலும் வாலடியிலும் பழுப்புத் திட்டோடு ஒன்று தனியாகக் கிடந்தது. நான் கைதட்டுவதற்கு முன்பே, செருப்புச் சத்தத்துக்கே தலையைத் தூக்கிவிட்டது. அதைக் கேட்டால், அதையா, யாரும் எடுக்க மாட்டார்கள், சும்மாவே கொண்டுபோங்கள் என்கிறார்.

அந்தக் காலத்தில் சும்மாவும் கொடுக்க மாட்டார்கள் என்பது உனக்கும் நினைவிருக்கும். நிறத்தோடு பிறந்ததை அன்றைக்கே கழித்துவிடுவார்கள், ஈத்தின் பெயர் கெட்டுப்போகும் என்று. மற்ற இனங்களில் சோதித்துப் பார்த்த கணக்கை வைத்து யோசித்தால் வயிறு எரிகிறது. புல் டெரியரில் வெள்ளை நாய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்குக் காதுக் கோளாறு, அதே இனத்தில் நிறமுள்ளவற்றில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். டால்மேஷனில் அமெரிக்கக் கணக்குப்படி ஏறக்குறைய நூற்றுக்கு 30-க்கு ஒரு காதோ இரண்டு காதோ கேட்காது. அதன் கறுப்புப் புள்ளியெல்லாம் பிறந்த பிறகு வருவது. ஆனால் சில குட்டிகள் பிறக்கும்போதே பெரிய திட்டோடு வரும், அவற்றில் செவிடு குறைவு. அந்தத் திட்டு இருந்தால் கண்காட்சியில் தகுதி நீக்கம் என்று விதி எழுதி வைத்திருக்கிறார்கள்! நம்மவர்கள் விதி எதுவும் எழுதாமலேயே நூற்றாண்டுக் கணக்கில் அதைத்தான் செய்திருக்கிறார்கள்.

காது பார்ப்பது எப்படி என்று கேட்பாய். சாவிக்கொத்தை ஆட்டுவது, தட்டைத் தட்டுவது எல்லாம் அரை சோதனைதான். குட்டி நம் கையைப் பார்க்கக் கூடாது, காற்று அதன் மேல் படக் கூடாது, தரை அதிரக் கூடாது, மற்ற குட்டிகள் பக்கத்தில் இருக்கக் கூடாது, அவை திரும்பினால் இதுவும் திரும்பிவிடும். இதையெல்லாம் சரியாகச் செய்தாலும் ஒரு காது மட்டும் செவிடான குட்டி தப்பித்துவிடும். அதுதான் பெரிய வம்பு. ஒரு காது கேட்கிற நாய் கூப்பிட்டால் வரும், குரைக்கும், காவல் காக்கும், சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதில் மட்டும் கொஞ்சம் தடுமாறும், யாருக்கும் சந்தேகமே வராது. பிறகு அதையே இனவிருத்திக்கு விடுவார்கள், அடுத்த ஈத்தில் முழுச் செவிடு வரும், தலையெழுத்து என்பார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, பிறந்த குழந்தைகளுக்கு எடுக்கிறார்களே பெரா டெஸ்ட், அதே வகைச் சோதனைதான். தலையில் மெல்லிய கம்பி வைத்து, ஒவ்வொரு காதிலும் தனித்தனியாகக் கிளிக் சத்தம் விட்டு, மூளைவரை அலை போகிறதா என்று பார்ப்பது. ஐந்து வாரக் குட்டிக்கே செய்யலாம்.

இப்படியெல்லாம் பார்த்தால் இனமே கலைந்துபோகும் என்று இங்கே ஒரு பெரியவர் என்னிடம் சண்டைக்கு வந்தார். டால்மேஷன் கதையைத்தான் அவரிடமும் சொன்னேன். அந்த இனத்துக்குக் காது போக இன்னொரு வியாதியும் உண்டு. மற்ற நாய்கள் யூரிக் அமிலத்தைச் சுலபமாகக் கரையும் வேறு பொருளாக மாற்றி வெளியே தள்ளிவிடும், டால்மேஷன் அதை அப்படியே சிறுநீரில் விடும். அது கல்லாகக் கட்டி, கடுவன் நாய்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். ஒன்றிரண்டு நாய்க்கு என்றால் அவற்றை ஒதுக்கிவிடலாம், சுத்த டால்மேஷன் அத்தனையிலும் அந்தக் கோளாறு மரபணு இருந்ததால் இனத்துக்குள்ளேயே தேடி நல்லதைப் பொறுக்க வழியில்லை. 1973-ல் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியல்காரர் பாயின்டர் என்ற வேட்டை இனத்து நாய் ஒரே ஒன்றோடு ஒரே ஒரு முறை சேர்த்தார். அதன் பிறகு வந்ததெல்லாம் மறுபடி டால்மேஷனோடுதான். சில தலைமுறையில் பார்வைக்கு டால்மேஷனாகவே ஆகிவிட்டது, கல் பிரச்சினை போயிற்று. 1981-ல் அமெரிக்கக் கென்னல் கிளப் இரண்டு நாய்களைப் பதிவுசெய்தது, உடனே இன சங்கத்துக்காரர்கள் ரத்தம் கெட்டது என்று கொடி பிடிக்க, கதவைச் சாத்திவிட்டார்கள். மறுபடி திறந்தது 2011-ல். முப்பது வருஷம், சண்முகம். மருந்து கையில் இருந்தும் எத்தனை நாய் கல்லடைத்துத் துடித்திருக்கும்! பெரியவர் கேட்டுவிட்டு, அது வெளிநாட்டு நாய் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

நம் நாய்க்கு வேறு இனம் கலக்கக்கூடத் தேவையில்லை என்பதுதான் என் கட்சி. பழுப்புத் திட்டுக் குட்டியும் சுத்த ராஜபாளையம்தான், அதே தாய், அதே தகப்பன். அதை ஒதுக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, பேர் வாங்கிய ஒரே கடுவனிடம் ஊரெல்லாம் பெட்டையைக் கொண்டுபோவதை நிறுத்துவது. பத்து வருஷத்தில் எல்லாக் குட்டியும் அண்ணன் தங்கை ஆகிவிட்டால் அப்புறம் யாரோடு சேர்ப்பது? லைன் கெடக் கூடாது என்று அப்பனையும் மகளையுமே சேர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்திலும் இதே லட்சணம்தான், 2008-ல் பிபிசி ஒரு படம் போட்டு மானத்தை வாங்கிய பிறகு, 2009-லிருந்துதான் தாய் மகன், தகப்பன் மகள், கூடப்பிறந்தவை சேர்ந்து பிறந்த குட்டிக்குப் பதிவுப் பேப்பர் கிடையாது என்று அவர்கள் கென்னல் கிளப் முடிவெடுத்தது. நமக்கு 2005-ல் தபால்தலையில் ராஜபாளையம் வந்தது பெருமைதான், ஸ்டாம்பில் இருக்கிற நாய்க்குக் காது கேட்டால் என்ன கேட்காவிட்டால் என்ன.

குட்டி பார்க்கும்போது நீயும் கூட இருக்க வேண்டும். தாயையும் தகப்பனையும் நேரில் காட்டச் சொல், தாய் மட்டும்தான் இருக்கிறது என்றால் தகப்பன் இருக்கும் இடத்துக்கே போவோம். இதற்கு முந்தைய ஈத்துக் குட்டிகள் எங்கே இருக்கின்றன என்று கேள், வாங்கியவர்களிடம் போனில் பேசு. 2017-ல் வந்த மத்திய அரசு விதிப்படி எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது, பெட்டைக்கு 18 மாதம் ஆகாமல் இணை சேர்க்கக் கூடாது, வருஷத்துக்கு ஓர் ஈத்துக்கு மேல் கூடாது. இதைச் சும்மா பேச்சுவாக்கில் போட்டுப் பார், ஆள் எப்படிப்பட்டவர் என்று முகத்திலேயே தெரிந்துவிடும். நீலக் கண், பூனைக்கண், கிடைக்காத ஐட்டம் என்று கூடுதல் காசு கேட்டால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடு. சின்னக் குட்டிக்குக் கண்ணில் நீலச் சாயல் சகஜம், இரண்டு மூன்று மாதம் தாண்டியும் பளிச்சென்று நீலமாகவே நின்றால் அங்கேயும் நிறச் செல் இல்லை என்று அர்த்தம். இன்னொன்று, இது வேட்டை நாய், ஓட இடம் வேண்டும், ஒருவரிடம் ஒட்டினால் ஒட்டியதுதான், வீட்டுக்கு வருகிற எல்லாரையும் வரவேற்காது. உன் மாமனார் அடிக்கடி வந்து போகிறவர், அவரிடம் முன்கூட்டியே சொல்லி வை.

பழுப்புத் திட்டுக் குட்டியை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்று சொல்லி முன்பணம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அவர் வாங்க மறுத்தார், நான்தான் வற்புறுத்திக் கொடுத்தேன், சும்மா வந்த பொருளுக்கு நம் வீட்டிலும் மரியாதை இருக்காது. வீட்டுக்குக் கொண்டுபோகும் முன் காதுச் சோதனைக்கு எங்கே போகலாம் என்று அக்கா மகள் விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். உனக்கு அது வேண்டாம் என்றால் தயங்காமல் சொல், உன் தங்கச்சி ஏற்கெனவே அதற்குப் பெயர் வைத்துவிட்டாள். வருகிற அன்று காலை பஸ்ஸிலேயே வந்துவிடு, மத்தியானச் சாப்பாடு இங்கேதான்.

உன்,
பாலு