படைவீரர் ஊனமுற்றோர் ஓய்வூதியம்: ஓய்வூதிய ஆணையை (பி.பி.ஓ.) சரிபாருங்கள்

ஐயா,

முன்னாள் படைவீரர்கள் பலர், மருத்துவக் குழு எழுதிக் கொடுத்த சதவீதத்துக்கே ஊனக் கூறு (ஓய்வூதியத்தில் ஊனத்துக்காகத் தரும் பகுதி) கிடைக்கும் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். 2023 செப்டம்பர் 21-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கு 20 முதல் 49 சதவீதம் வரையிலான ஊனம் 50 ஆகவும், 50 முதல் 75 வரை 75 ஆகவும், அதற்கு மேல் 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிடப்பட வேண்டும். நூறு சதவீத ஊனத்துக்குக் கடைசி ஊதியத்தில் 30 சதவீதம் என்பது அடிப்படை. ஊதியம் 40,000 ரூபாய் என்றால், 30 சதவீத ஊனத்துக்கு மாதம் 3,600, உயர்த்தினால் 6,000. அகவிலைப்படி தனி.

உடல்நலக் குறைவால் இடையில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டுமே இந்த உயர்த்தல் என்று மறுப்பதுதான் வழக்கமான சிக்கல். பணிக்காலம் முடித்தவர்களுக்கும் உண்டு என உச்ச நீதிமன்றம் 2014 டிசம்பர் 10 அன்று ராம் அவ்தார் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

முதலில் பி.பி.ஓ.வில் ஊனச் சதவீதத்தைப் பாருங்கள். மருத்துவக் குழு அறிக்கையின் நகலை, பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்திடம் எழுதிக் கேளுங்கள். அது இல்லாமல் எந்த மனுவும் நகராது. 'படைப்பணியால் ஏற்பட்டது' அல்லது 'பணியால் மோசமானது' என்ற பதிவு அதில் இருக்க வேண்டும். பிறகு ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு மனு. மறுத்தால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு.

முழு ஊனமுற்றவர்களுக்கு உதவியாளர் படியும் உண்டு. மருத்துவக் குழு பரிந்துரைத்தால்தான் கிடைக்கும். அந்தப் பரிந்துரை விடுபட்டிருந்தால் மறு பரிசோதனை கோருங்கள்.

முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் இந்தச் சரிபார்ப்பைத் தாங்களே முன்வந்து செய்ய வேண்டும். படுக்கையில் இருப்பவரை அலைய விடுவது நியாயமில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்