பூக்கூடை அக்காவுக்கு

அக்கா, போன திங்கட்கிழமை காலை திருமங்கலத்திலிருந்து மாட்டுத்தாவணி வந்த பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். தலைப்பிள்ளை, 8-வது வாரம். வெளியில் யாருக்கும் இன்னும் சொல்லவில்லை. கப்பலூர் வருவதற்குள் குமட்டிக்கொண்டு வந்துவிட்டது. எனக்கு உயிரான மல்லிகை வாசம்தான் அன்று ஆகவில்லை.

நான் வாயே திறக்கவில்லை. நீங்களாகவே கூடையை ஈரச்சாக்கால் மூடி, டிரைவர் பக்கம் கொண்டுபோய் வைத்தீர்கள். என்னை ஜன்னலோரம் நகர்த்தி, ஒரு எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி, "மோந்துக்க தாயி, மூணு மாசம் போனா சரியாயிரும்" என்றீர்கள். டாக்டரும் பெரும்பாலும் 12 வாரத்துக்கு மேல் குறையும் என்றுதான் சொன்னார். அப்புறம் வாந்தி எடுத்தபோது என் நெற்றியைத் தாங்கிய அந்தக் கை, நார் அறுத்த தழும்போடு இன்னும் கண்ணில் நிற்கிறது.

இறங்கித் தேடினேன், கூட்டத்தில் காணவில்லை. நன்றிக்கா. யாராவது இதை உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். என் பையில் இப்போது தினமும் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கிறது.